வி-கிராஸில் ட்யூனிங் பாக்ஸ்: எவ்வளவு கூடும், எது தாங்கும்

வி-கிராஸ் பிக்கப் வைத்திருப்பவர்கள் பொதுவாக முதலில் டயரை மாற்றுவார்கள், அடுத்து சஸ்பென்ஷன், அதற்குப் பிறகு பின் தொட்டிக்கு மூடு கூரையாக ஒரு கேனபி. எல்லாம் ஏறி வண்டி கனத்த பிறகு "இழுவை பத்தலை" என்ற பேச்சு தொடங்கும். ட்யூனிங் பாக்ஸ் விற்பவர்கள் காத்திருப்பது இந்தப் பேச்சுக்குத்தான். இங்கே பார்ப்பது காமன் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசல் தரும் பொதுக் குழாய்) பிரஷர் சென்சாருக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்முக்கும் நடுவே சொருகும் வகைப் பெட்டி. வண்டி, 2016-ல் இந்தியாவுக்கு வந்த 2.5 லிட்டர் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாரானது. கம்பெனிக் கணக்கு 100 கிலோவாட், அதாவது 136 குதிரைத்திறன். டார்க், அதாவது முறுக்கு விசை, 320 நியூட்டன் மீட்டர். 2021-ல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிக்கு ஏற்ப வந்த 1.9 லிட்டர் வண்டியின் சங்கதி வேறு. அது கீழே தனியாக.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கும் 2.5 லிட்டர் வண்டிக்கு, நல்ல மல்டி சேனல் பெட்டியை (ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் சிக்னலைக் கையாளும் ரகம்) கீழ் செட்டிங்கில் வைத்தால் பணம் வீண் இல்லை. உச்ச செட்டிங்கில் வைப்பதாக இருந்தால் பெட்டியோடு கிளட்ச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். 1.9-க்கு வேண்டாம்.

பெட்டி செய்வது எளிமையான ஏமாற்று வேலை. ரயிலில் உள்ள சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். அழுத்தம் ஏறினால் சிக்னல் வோல்டேஜும் ஏறும். பெட்டி அந்த சிக்னலைக் கொஞ்சம் குறைத்து ஈசிஎம்முக்கு அனுப்பும். "அழுத்தம் போதவில்லை" என்று நம்பி ஈசிஎம் பம்பை இன்னும் தள்ளச் சொல்லும். இன்ஜெக்டர் பழைய நேரக்கணக்கிலேயே திறந்து மூடினாலும், பின்னால் அழுத்தம் கூடியிருப்பதால் டீசல் அதிகம் இறங்கும்.

விளம்பரத்தில் வரும் "30 சதவீதம் கூடுதல் பவர்" எங்கே உடைகிறது என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். நாசில் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். அழுத்தத்தை 20 சதவீதம் ஏற்றினால் டீசல் ஏறக்குறைய 9.5 சதவீதம்தான் கூடுதல். ஊசி கொஞ்சம் சீக்கிரம் திறப்பதால் அதற்குமேல் சொற்பம் கிடைக்கலாம். அழுத்தத்தை மட்டும் வைத்து 20 சதவீதம் கூடுதல் டீசல் வேண்டுமென்றால் அழுத்தத்தை 44 சதவீதம் ஏற்ற வேண்டும். முழு லோடில் பம்ப் ஏற்கெனவே தன் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது நடக்காது. அதனால்தான் இந்தப் பெட்டிகள் 1,600-லிருந்து 2,600 ஆர்பிஎம் வரை, மிதி பாதி அழுத்திய நிலையில் நன்றாகத் தெரியும். 3,500-க்கு மேலே பெட்டி இருக்கிறதா என்றே தெரியாது. குறை சொல்ல ஒன்றுமில்லை, பிக்கப் வண்டிக்கு வேண்டியதும் அந்த நடு இடம்தான். 2,000 ஆர்பிஎம்மில் 320 நியூட்டன் மீட்டர் என்றால் 91 குதிரைத்திறன். அதே இடத்தில் 380 வந்தால் 108. உச்ச பவர் எண் மாறாவிட்டாலும் ஓட்டுபவருக்கு இந்த 17 தெரியும்: மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை நான்காவதில் ஏறலாம்.

பெரிய டயர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 245/70 ஆர்16 இருந்த வண்டியில் 265/75 ஆர்16 மாட்டினால் டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மி.மீ.-லிருந்து 804 மி.மீ. ஆகிறது, 7 சதவீதத்துக்கு மேல். அந்த அளவுக்குச் சக்கரத்தில் இழுவை குறையும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். பெட்டி தரும் லாபத்தில் பாதி, டயர் தின்றதை ஈடுகட்டவே போய்விடும். டயரைப் பழைய அளவுக்கு மாற்றினாலே குறை தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு. ஆனால் அந்த யோசனையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

கடையில் "ட்யூனர்" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு சாமான்கள் கிடைக்கின்றன. பழுதறியும் ஓபிடி போர்ட்டில் சொருகும் சின்ன டாங்கிள்: சில நூறு ரூபாய். பிரித்துப் பார்த்தால் எல்இடியை மினுக்கும் சின்ன சிப் ஒன்றுதான் இருக்கும். தாண்டிப் போங்கள். அடுத்தது பெடல் பாக்ஸ். இது ஆக்சிலரேட்டர் சென்சாரின் சிக்னலை மட்டும் பெரிதாக்கும். 30 சதவீதம் மிதித்தால் 50 மிதித்ததாகச் சொல்லும். இன்ஜின் ஒரு நியூட்டன் மீட்டர்கூட அதிகம் தராது. மிதி மந்தமாக இருப்பதுதான் புகார் என்றால் இது போதும், ஆபத்தும் இல்லை. மூன்றாவது, ரயில் பிரஷர் பெட்டி. இதிலேயே ஒரே சேனல் உள்ள மலிவு ரகமும், ரயில் பிரஷரோடு பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) சிக்னலையும் சேர்த்துக் கையாளும் மல்டி சேனல் ரகமும் உண்டு. ஜெர்மனியின் ரேஸ்சிப், டிடிஇ போன்றவை இந்த இரண்டாம் ரகத்துக்குப் பெயர் பெற்றவை. ஆஸ்திரியாவின் ஸ்டைன்பாவர் வேறு வழியில் போகிறது: அழுத்தத்தைத் தொடாமல் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. பம்புக்கு அது நல்லது. இன்ஜெக்டர் ஒயரிங்கில் கை வைக்க வேண்டியிருப்பதால் மாட்டுவது சிரமம். நான்காவது, ஈசிஎம் மென்பொருளையே மாற்றும் ரீமேப். டீசல், பூஸ்ட், டார்க் லிமிட், புகைக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி எழுத முடிவதால் தொழில்நுட்பரீதியில் ரீமேப்தான் மேல். ஆனால் எழுதுபவரின் கை சரியாக இருக்க வேண்டும். தப்பான ரீமேப்பைவிட அடக்கமான பெட்டி எவ்வளவோ தேவலை.

ஒரே சேனல் பெட்டியை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் புகை. ஈசிஎம் தான் கணக்கிட்ட டீசல் அளவுக்கு ஏற்ற காற்றைத்தான் டர்போவிடம் கேட்கும். பெட்டி கள்ளத்தனமாக ஊற்றும் டீசலுக்குக் காற்று கேட்க அதற்குத் தெரியாது. விளைவு, மிதித்தவுடன் பின்னால் கருமேகம், எக்ஸாஸ்ட் சூடு, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வில் கரி. பாரத் ஸ்டேஜ் 4 டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் ஒளி உறிஞ்சும் எல்லை மீட்டருக்கு 1.62. இஜிஆர் அழுக்காக, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் வண்டியில் ஒரே சேனல் பெட்டியின் நடு செட்டிங்கே அதைத் தாண்டிவிடும்.

மாட்டும் முன் வண்டியைப் பார்த்தாக வேண்டும். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் புதிது. இன்டர்கூலர் ஹோஸ் இரு முனையும் கிளாம்ப் இறுக்கம்; எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தால் காற்றும் அங்கே கசிகிறது என்று பொருள். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வழியும் டீசலின் (ரிட்டர்ன்) அளவையும் பாட்டிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாக அதிகம் கொட்டினால் பெட்டியை அட்டையிலிருந்து எடுக்கவே வேண்டாம். இந்த இன்ஜினில் பம்பின் எஸ்சிவி, அதாவது சக்ஷன் கண்ட்ரோல் வால்வு, தெரிந்த பலவீனம். ஐட்லிங்கில் ஆர்பிஎம் ஊஞ்சல் ஆடினாலோ, ஓடும்போது திடீரென்று இழுவை விட்டுப் பிடித்தாலோ முதலில் அதை மாற்ற வேண்டும். கடைசியாக கிளட்ச்: ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் லேசான மேட்டில் மிதியை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால், பெட்டி இல்லாமலேயே கிளட்ச் வழுக்குகிறது.

மாட்டுவது அரை மணி வேலை என்று பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். கை பழகாதவருக்கு ஒன்றரை மணி வைத்துக்கொள்ளலாம். சாவியை எடுத்து, ஈசிஎம் உறங்கக் கால் மணி விட்டு, 10 மி.மீ. ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ரயில் பிரஷர் சென்சார் ரயிலின் ஒரு முனையில் இருக்கும். இன்டேக் பைப்பை ஒட்டிய இடுக்கு, கையை மடக்கித்தான் நுழைக்க வேண்டும். சென்சாரைக் கழற்றக் கூடாது. அதன் மேலுள்ள கனெக்டரை மட்டும் எடுக்க வேண்டும். ரயிலுக்குள் மிச்ச அழுத்தம் இருக்கலாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், மருத்துவமனைக் கேஸ். கனெக்டரின் பூட்டு நாக்கு வெயிலிலும் சூட்டிலும் இறுகிப்போய் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முறியும். முறிந்தால் பிறகு குண்டும் குழியுமான ரோட்டில் கனெக்டர் தளர்ந்து, வண்டி நடுவழியில் நிற்கும். நாக்கை உள்ளே அழுத்தியபடி உடலைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பெட்டியின் ஆண், பெண் கனெக்டர்கள் இரண்டையும் "டிக்" சத்தம் கேட்கும் வரை தள்ளுங்கள். உள்ளே டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி. பூஸ்ட் சென்சார் சேனலையும் அதே மாதிரி. ஹார்னஸை இஜிஆர் பைப், டர்போ, பேட்டரி தட்டின் கூர் விளிம்பு ஆகிய மூன்றிலிருந்தும் விலக்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். பின்னாளில் வரும் விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ஹார்னஸ் உரசியதால் வருவது. பெட்டி கெட்டதால் வருவது குறைவு. பெட்டியை ஃபயர்வால் பக்கம் உயரமான இடத்தில், கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் வாஷ் அடிப்பவர் அந்தப் பக்கம் அடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முதல் ஸ்டார்ட், பெட்டியை விலக்கிப் பழைய இணைப்பையே தரும் பைபாஸ் பிளக்கில்; அது பெட்டியோடு வரும். செக் இன்ஜின் விளக்கு இல்லை என்றால் பெட்டியை இணைத்து, ஆகக் குறைந்த செட்டிங். அதில் ஒரு டேங்க் ஓட்டிய பிறகே அடுத்த படி. செட்டிங் அதிகமானால் வண்டியே சொல்லிவிடும். வழக்கமாக வரும் பழுதுக் குறியீடு (கோடு) பி0093 அல்லது பி0087: ஈசிஎம் பம்பை எவ்வளவு தள்ளியும் அழுத்தம் வரவில்லை என்று நினைக்கிறது, எங்கோ பெரிய கசிவு என்று முடிவுகட்டி பவரைக் குறைத்து மெல்ல மட்டும் ஓடவிடும் லிம்ப் மோடுக்குப் போகிறது. அழுத்தம் வரவில்லை என்று அதனிடம் பொய் சொன்னதே பெட்டிதான். செட்டிங்கை ஒரு படி இறக்கினால் தீரும். பலர் செய்வது வேறு: கோடை அழித்துவிட்டு அதே செட்டிங்கில் ஓட்டுவது. அப்போது ரயிலின் பிரஷர் லிமிட்டர் வால்வு அடிக்கடி திறந்து, ஒரு நாள் சரியாக மூட மறுக்கும். அதற்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக நீண்ட கிராங்க், சூடான இன்ஜின் அணைத்தால் மறுபடி எடுக்க அடம். அந்தச் செலவுக்குப் பெட்டி விற்றவர் வர மாட்டார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஓபிடி ரீடரை மாட்டி ரயில் பிரஷர் பார்த்தால் எல்லாம் கம்பெனி அளவிலேயே தெரியும். அது ஈசிஎம் நம்பும் எண், பெட்டி கொடுத்தது. உண்மை அழுத்தம் பெட்டியின் சொந்த ஆப்பில் மட்டும், அல்லது சென்சார் பக்க ஒயரில் மீட்டர் வைத்தால் தெரியும்.

மைலேஜ் புகழும் இதே வழியில் வந்ததுதான். வண்டியின் டிஸ்ப்ளே எரிபொருளை அளப்பதில்லை. அழுத்தத்தையும் இன்ஜெக்டர் திறந்த நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. அழுத்தத்தைக் குறைத்துச் சொன்னால் செலவையும் குறைத்துத்தான் காட்டும். டிஸ்ப்ளேயில் லிட்டருக்கு 14.2 என்று மின்னும் வண்டி, பெட்ரோல் பங்கில் ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் கணக்கில் 12.8 கொடுப்பது சாத்தியமே. "பெட்டி போட்ட பிறகு மைலேஜ் ஒன்றரை கூடியது" என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் பங்கு ரசீதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டால் விடை வராது. மேல் கியரில் சீக்கிரம் போட்டு நிதானமாக ஓட்டுபவருக்கு நெடுஞ்சாலையில் சிறு முன்னேற்றம் கிடைக்கலாம். கூடுதல் இழுவையைப் பயன்படுத்தினால் டீசல் கூடத்தான் செய்யும்.

இழுவையைச் சோதிக்க 0-100 நேரம் உதவாது; அது கிளட்ச்சை விடும் திறமையைத்தான் அளக்கும். நான்காவது கியரில் 60-லிருந்து 100 வரை, ஒரே சாலையில் போக வர இரு திசையும், அதே ஆட்கள், அதே லோடு, ஏசி நிறுத்தம். டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் ஓட்டிப் பவர் அளக்கும் இயந்திரம்) போட்டால் முன், பின் இரண்டும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் எடுக்க வேண்டும். வேறு நாள், வேறு வெயில் என்றால் அந்த வித்தியாசமே பெட்டியின் லாபம் போலத் தெரியும்.

இனி சூடு. சமவெளியில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். சோதனை லோடோடு மலை ஏறும்போது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி, திம்பத்தின் 27, வால்பாறையின் 40: இந்த மாதிரி ஏற்றங்களில் இரண்டாவது, மூன்றாவது கியரில் பல நிமிஷம் தொடர்ந்து அதிக லோடு, ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் எதிர்க்காற்று மிகக் குறைவு. டர்போவுக்கு முன் எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு தொடர்ச்சியாக 700 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 750-ஐத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும். அலுமினிய பிஸ்டனும் வேரியபிள் டர்போவின் தகடுகளும் அதற்கு மேல் நீண்ட நேரம் தாங்குவதற்கு இல்லை. டேஷ்போர்டில் இதற்கு முள் கிடையாது. தண்ணீர் சூட்டு முள் மெதுவாக அசைவதால் இதைக் காட்டாது; அது ஏறத் தொடங்கும்போது காரியம் நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே நடு செட்டிங்குக்கு மேலே போகிறவர் எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் இஜிடி கேஜ் ஒன்றை மாட்டியே ஆக வேண்டும். கே வகை தெர்மோகப்பிள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர் வழியும் சேரும் இடத்தில், டர்போவுக்கு முன். 8.6 மி.மீ. துளை, 1/8 என்பிடி டேப். மேனிஃபோல்டைக் கழற்றித் துளைப்பதே முறை. வண்டியிலேயே துளைத்தால் இரும்புச் சீவல் டர்பைனுக்குள் போகும். டிரில் பிட்டில் கிரீஸ் தடவிப் பிடிப்பதெல்லாம் பாதிப் பாதுகாப்பு. செலவையும் வேலையையும் பார்த்து இந்த இடத்தில் பின்வாங்குபவர்கள் தாராளமாகப் பின்வாங்கலாம். அவர்களுக்குக் கீழ் செட்டிங் போதும். டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் எளிது என்று சொல்வார்கள். அங்கே லோடில் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டக்கூடும், லோடுக்கு லோடு அந்த வித்தியாசமும் மாறும்.

1.9 லிட்டர் வண்டி 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். சின்ன இன்ஜினிலிருந்து கம்பெனியே நிறையப் பிழிந்திருக்கிறது, மிச்சம் குறைவு. அதைவிடப் பெரிய தடை, புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப். பெட்டி ஊற்றும் கூடுதல் டீசல் கரியாக அதில் சேரும். சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும். ரீஜெனரேஷனில் ஈசிஎம் கணக்குப் பார்த்து ஊற்றும் போஸ்ட் இன்ஜெக்ஷன் அளவையும் பெட்டி குலைக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறத் தொடங்கும். மேல் கோட்டைத் தாண்டினால் உடனே ஆயில் மாற்றியாக வேண்டும். நகருக்குள் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

"அப்படியானால் டிபிஎஃப்-ஐ எடுத்துவிடலாம்" என்று சில ரீமேப் கடைகள் சொல்லும். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது: அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, பத்தாண்டுக்குள் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டிருந்தன, ட்யூனர் விற்ற பல நிறுவனங்கள் அபராதம் கட்டின. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உரிமையாளருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாட்டினால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும். பவர் கூட்டிய வண்டிக்கு இன்ஜின் பக்க வாரண்டி கேட்டு நிற்பதும் வீண்.

கிளட்ச் கடைசியில் வந்தாலும் பணத்தில் முதல். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே மேல் கியரில் முழு மிதி என்பதுதான் கிளட்ச்சைக் கொல்லும் பழக்கம். பெட்டி போட்ட பிறகு வண்டி அப்படி ஓட்ட ஆசை காட்டும், ஏனென்றால் இழுக்கிறது. ஒரு கியர் இறக்கி 2,000-க்கு மேல் வைத்து ஓட்டினால் அதே கிளட்ச் பல மடங்கு நாள் வரும். டிரெய்லர் இழுப்பவர்கள், கேனபியும் ரூஃப் டென்ட்டும் ஏற்றியவர்கள் பெட்டியின் விலைக்கு நிகரான தொகையை கிளட்ச்சுக்கு ஒதுக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆயிலை கம்பெனி சொன்ன இடைவெளிக்கு முன்பே, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் மாற்றுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது பெட்டியை எடுத்து பைபாஸ் பிளக்கை மாட்டி, மாட்டியிருந்ததை அட்வைசரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனரில் பொய் எண் பார்த்து மெக்கானிக் நல்ல பம்பை மாற்றச் சொல்லும் கதைக்கு அதுவே மருந்து. பைபாஸ் பிளக்கைத் தொலைத்தவர்கள் பலர். கிளவ் பாக்ஸில், மழை நீர் படாத கவரில் போட்டு வையுங்கள். ரோட்டில் பெட்டி மக்கர் செய்தால் அந்த ஒரு பிளக்தான் வண்டியை வீடு சேர்க்கும். பழைய வி-கிராஸ் வாங்கப் போகிறவர்கள் ரயில் சென்சார் கனெக்டரின் நாக்கையும், ஃபயர்வாலில் ஜிப் டை இருந்த தடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.